சைக்கிள் மெசினும் மத்தியானச் செய்தியும்

சண்டையால் எங்கள் ஆஸ்பத்திரி கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் வந்து குந்தியபோது, ஆய்வுகூடம் என்று எனக்குக் கிடைத்தது அந்தப் பள்ளிக்கூடத்தின் சமையல் கொட்டில். அடுப்புக்கட்டில் நுண்ணோக்கி, அம்மி இருந்த மூலையில் நான். கிளிநொச்சியில் கரண்டில் ஓடிய ரத்தம் சுழற்றும் மெசினையும் கட்டித் தூக்கி வந்திருந்தோம். இங்கே கரண்ட் எங்கே? ஜெனரேற்றருக்கு ஊற்ற இருந்த மண்ணெண்ணெய் சத்திரசிகிச்சைக்கே போதாது. மெசின் சும்மா இருந்து சம்பளம் எடுக்கும் பெரிய அதிகாரி மாதிரி மேசையில் இருந்தது.

அதன் வேலை இவ்வளவுதான். ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் விட்டு வேகமாகச் சுழற்றினால், சிவப்பு அடியில் படியும். நூற்றுக்கு எவ்வளவு உயரம் படிந்தது என்று பார்த்தால் ஆளுக்கு ரத்தம் போதுமா போதாதா என்று தெரிந்துவிடும். மலேரியா ஊரையே உறிஞ்சிக்கொண்டிருந்த காலம். கர்ப்பிணிகளில் இருபத்தைந்துக்குக் கீழே வருபவர்களை டொக்டர் வவுனியாவுக்கு அனுப்புவார். அம்புலன்ஸ் கிழமைக்கு ஒரு தடவைதான் போகும்.

எனக்கு உதவியாக ஒரு சிற்றூழியர் இருந்தார். நாற்பது வயது, தடித்த மீசை. எந்தப் பொருளைக் கண்டாலும் அதை வேறொன்றாக மாற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மெசினின் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் சைக்கிளை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, பின்சில்லிலிருந்து மெசினுக்கு ஒரு ரப்பர் பட்டி போட்டார். அந்தப் பட்டி என்னுடைய சைக்கிள் ரியூப். என்னைக் கேட்டு வெட்டவில்லை.

அதோடு விட்டாரா? சேலைன் போத்தல் ஒன்றைக் கூரையில் கட்டி, கீழே ஒரு பால்மாத் தகரப் பேணியைத் தொங்கவிட்டார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து அரை மணித்தியாலத்தில் பேணி நிரம்பும். பாரத்தில் கீழே போகும். போகும்போது கம்பி இழுபட்டுச் சைக்கிளின் பிறேக் பிடிக்கும்.

"இனி நீங்கள் மணிக்கூடு பாக்கத் தேவையில்லை, மிஸ். தானா ஓடும், தானா நிக்கும்," என்றார்.

"தானா ஓடுமெண்டால் நீங்கள் ஏன் மிதிக்கிறியள்?"

"நானும் மெசினில ஒரு பாகம்தானே."

டொக்டர் வந்து பார்த்துவிட்டு அவரின் முதுகில் தட்டினார். எங்கள் ஆளுக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியாத புளுகம். எனக்கும்தான். முன்பெல்லாம் ஒரு தடவை சுழற்றி, பார்த்து, திரும்பவும் சுழற்றி, சிவப்பு இனி இறங்காது என்று கண்ட பிறகுதான் எழுதுவேன். இப்போது பேணி இறங்கினால் சரி, வாசித்து எழுதிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போய்விடுவேன்.

வினை றேடியோவில் வந்தது. பற்றறி எங்கள் வன்னிப் பக்கம் வர அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஆகவே ஊரெல்லாம் சைக்கிள் டைனமோவில்தான் செய்தி கேட்டது. எங்கள் ஆளும் பின்சில்லில் டைனமோவைப் பூட்டி, சில்லு எப்படியும் சுத்துகிறதே, சும்மா ஏன் விடுவான் என்றார். பிறகென்ன, மத்தியானச் செய்திக்கு நோயாளர் வாட்டிலிருந்து நடக்கக்கூடியவன் எல்லாம் என் கொட்டிலுக்குள். ரத்தம் குடுக்க வந்தவர்களை இவர்களுக்குள் தேட வேண்டியிருந்தது.

ஒரு நாள் அப்படியான மத்தியானத்தில் ஒரு பெண் வந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கச்சான் தோட்டத்தில் கூலி வேலை, எட்டு மாத வயிறு. உதடு வெண்கட்டி நிறம்.

"தல சுத்துதுங்க மிஸ். எந்திரிச்சா கண்ணு இருட்டுது."

அவளின் குழாய் செய்தியோடு சேர்ந்து சுழன்றது. பேணி இறங்கியது. வாசித்தேன், முப்பத்தொன்று.

"உங்களுக்கு ரத்தம் நல்லாக் கிடக்கு. வெயிலுக்கை நடந்து வந்ததாலை சுத்தியிருக்கும்."

"இல்லைங்க, ஒரு வாரமாவே…"

"மெசின் பொய் சொல்லாது," என்றேன். என் வாயில் புழுத்தான் விழவேண்டும். டொக்டர் நான் எழுதிக் குடுத்த துண்டைப் பார்த்து, நாளை விடிய வவுனியாவுக்குப் போகும் பட்டியலில் அவளின் பெயரை வெட்டினார். அவள் வந்த வழியே நடந்து போனாள்.

இரண்டு மணிக்கு ஒரேயொரு குழாய் சுழற்ற வந்தது. ஒன்றைத் தனியே போட்டால் மெசின் பேயாடும். எதிர்ப்பக்கத்தில் சமபாரம் வேண்டும். இன்னொரு குழாயில் தண்ணீர் நிரப்பச் சோம்பல்பட்டு, அவளின் பழைய குழாயையே எடுத்து எதிரே குத்தினேன். செய்தி முடிந்துவிட்டது. கூட்டத்தைக் கொட்டிலுக்குள் ஏற்றியதற்கு நான் ஏசியிருந்தேன், அந்தக் கோபத்தை எல்லாம் ஆள் பெடலில் காட்டினார். பேணி இறங்கியதும் குழாய்களை எடுத்தேன்.

அவளின் சிவப்பு பதினெட்டில் நின்றது.

குழாயை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் வாசித்தேன். "செய்தி நேரம் எப்பிடி மிதிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆறுதலாத்தான் மிஸ். வேகமா மிதிச்சால் றேடியோ எரிஞ்சு போமெல்லே."

மெதுவாகச் சுழன்றால் சிவப்பு சரியாகப் படியாது, உயரமாகவே நிற்கும், ரத்தம் நிறைய இருப்பதுபோல் தெரியும். பேணிக்கு நேரம் தெரியும், வேகம் தெரியுமா? றேடியோவைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். வெளிறிய உதட்டைக் கண்ணால் கண்டவள் நான், றேடியோ இல்லை.

அவளைப் பொழுதுபடமுன் கூட்டிவர வேண்டும். நாலு கட்டை தூரம். என் சைக்கிளுக்கு ரியூப் இல்லை. நான் வாய் திறக்கமுன்னமே அவர் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். இரண்டு கிழமை மினக்கெட்டுக் கட்டிய கம்பியை வெட்டி, பட்டியைக் கழற்றி, சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து இறக்கினார்.

"நான் போறன் மிஸ்."

"நீங்கள் காலமை துவக்கம் மிதிக்கிறியள். பிழை என்ர. நான் போறன்."

சாறியை வரிந்து கட்டிக்கொண்டு ஆம்பிளைச் சைக்கிளில் ஏறினேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும். அவள் குடிசை வாசலில் சுவரில் சாய்ந்தபடி இருந்தாள்.

"என்னங்க மிஸ், மெசின் கெட்டுப்போச்சா?"

"இல்லை. மெசினிலதான் வந்தனான். ஏறுங்கோ."

சாக்கை மடித்துக் கரியரில் போட்டு அவளை ஏற்றினேன். பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி உருட்டினேன். அவள் என் தோளைப் பிடித்தபடி வந்தாள், கை ஐஸ் மாதிரி இருந்தது. வழி முழுக்க அவளோடு கதை குடுத்துக்கொண்டே வந்தேன், அவள் மயங்கிவிடுவாளோ என்ற பயத்தில். வவுனியாவில் இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றினார்கள், பத்தாம் நாள் பெண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம். அதெல்லாம் பிறகு தெரிந்தது.

விடிய அம்புலன்ஸில் அவளை ஏற்றும்போது டொக்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தொண்டு எப்பிடிப் பதினெட்டாச்சுது? ஆர் கண்டுபிடிச்சது?"

எங்கள் ஆள் மீசையைத் தடவினார். "மெசின்தான் டொக்டர். ரண்டாம் தரம் சரியாக் காட்டிப்போட்டுது."

உள்ளே சீற்றில் சரிந்து கிடந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"நான்தாங்க மொதல்ல சொன்னேன்," என்றாள்.

எங்கள் ஆள் மீசையிலிருந்து கையை எடுத்தார். டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஓம் டொக்டர், அவாதான் சொன்னவா," என்றேன். "நான்தான் கேக்கேல்லை."