அஃப்சருன்னிசாவின் குளிர்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், யூனானி வைத்தியம் பார்த்த ஹகீம் ஒருவரிடம் முப்பத்தெட்டு வருஷம் மருந்து இடித்துக் கொடுத்தவர் வலியுல்லா. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஹகீம் நோயாளிகளிடம் சொன்னதெல்லாம் காதில் விழுந்து விழுந்தே மனப்பாடம். உடம்பு ஒரு விளக்கு. உள்ளே இருக்கிற ஈரம் எண்ணெய், சூடு சுடர். வயசாக ஆக எண்ணெய் வற்றும், சுடர் இறங்கும், உடம்பு குளிர்ந்து காயும். அது நோயில்லை. கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முக்கியமாக, கிழவர்களிடம் ரத்தம் எடுக்கவே கூடாது. ரத்தத்தோடு மிச்சச் சூடும் போய்விடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பெரிய வைத்தியர்கள் எழுதிவைத்தது என்பார் ஹகீம். அதில் வலியுல்லாவுக்கு எள்ளளவும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் மனைவி அஃப்சருன்னிசா அந்நியமில்லை, காலா மகள்தான்; அவருடைய தாயின் தங்கைக்குப் பிறந்தவள். மூன்றாம் மாடியிலிருந்து குரல் கொடுத்தாளானால் தெருமுனையில் கீரைக்காரி நின்றுவிடுவாள். எந்தக் கல்யாணத்தில் எந்த மாமா கோபித்துக்கொண்டு பிரியாணி தொடாமல் போனார் என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பாள். அறுபத்தொன்பதாம் வயதில் அந்தக் குரல் கம்மிப்போய் ஆம்பளைக் குரலானது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். முகம் உப்பியது, புருவத்தின் ஓரம் உதிர்ந்தது, மாமாக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறந்தன.

மகள் மஹ்விஷ் பெருங்குடியில் கம்பெனி வேலை பார்ப்பவள். அவள்தான் முதலில் பேச்சை எடுத்தாள்.

“அத்தா, அம்மாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாம்.”

“இன்னாத்த காட்றது? வயசாவுது. வயசுக்கு இன்னா ஊசி கீது?”

“ரத்தம் மட்டும் பாத்துட்டு வந்துரலாம்.”

“கீறதே கொஞ்சூண்டு சூடு. அதையும் ஊசில இழுத்துக்கினு போறதுக்கா?”

கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த அஃப்சருன்னிசா அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள்: “உங்கத்தா என்னை ஊறுகா ஜாடில போட்டு மூடி வெச்சிட்டாருடி. கெட்டுப்போவ மாட்டேன்.”

ஊறுகாயைப் போலத்தான் பார்த்துக்கொண்டார். குங்குமப்பூவும் சுக்கும் தேனும் சேர்த்துத் தன் கையாலேயே லேகியம் கிண்டி, காலையும் மாலையும் ஊட்டினார். மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். மெதுவாக, மெதுவாக அடிக்கும். “சுடர் இறங்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு போர்வை எடுத்துவந்து போர்த்துவார். இப்படியே இரண்டு வருஷம்.

இந்த வருஷம் ஏப்ரலில் சாதாரணச் சளிதான் பிடித்தது. நாலாம் நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. ஊரே வெந்துகொண்டிருக்க, அவள் கை மட்டும் மண்பானைபோலச் சில்லிட்டுக் கிடந்தது. மஹ்விஷ் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி வலியுல்லாவை உட்காரவைத்துச் சொன்னாள். “இது வயசு இல்லை, பாய். கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி. உடம்புக்குச் சூடு குடுக்கறதே அதுதான். அது அடங்கிப்போயிடுத்து. தினம் காலைல ஒரு சின்ன மாத்திரை போட்டிருந்தா நன்னா இருந்திருப்பா.”

“இப்போ குடும்மா.”

“குடுத்துண்டுதான் இருக்கோம். ரொம்ப நாள் கடந்துடுத்து.” அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் குரலைத் தணித்தாள். “உங்களை மட்டும் சொல்லலை. எங்க படிப்புலயும் அப்படித்தான் இருந்தது. எங்க வாத்தியாரோட வாத்தியார் காலத்துல, சீட்டுல ‘முதுமை’ன்னு எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவாளாம்.”

வலியுல்லா தலையை ஆட்டினார். சூடு குறைந்ததென்று ஹகீம் சொன்னதும் சரிதான். ஆனால் எண்ணெய் தீரவில்லையே. திரியைத் தூண்டிவிட்டிருந்தால் எரிந்திருக்குமே!

மூன்றாம் நாள் அஃப்சருன்னிசா மௌத்தாகிவிட்டாள்.

அடக்கம் முடிந்ததும் கபரஸ்தானில் பதிவுப் புத்தகம் எழுதும் ஹம்மாத் பேனாவை எடுத்தான். “வயசு எழுபத்தொண்ணா பாய்? அப்போ வயோதிகம்னு போட்டுக்கறேன்.”

“நில்லு. பழைய புஸ்தகம் கீதா?”

தேடி எடுத்துக் கொடுத்தான். அஃப்சருன்னிசாவைப் பெற்ற காலாவின் பெயர் இருந்தது: வயது அறுபத்து மூன்று, வயோதிகம். நாலு பக்கம் தள்ளி அவளுடைய அக்கா, வலியுல்லாவைப் பெற்றவள்: வயோதிகம். இரண்டு பேருக்கும் கடைசியில் குரல் தடித்தது. இரண்டு பேரும் சித்திரையில் சால்வை கேட்டார்கள். அவர்களுக்கும் அவர்தான் லேகியம் ஊட்டினார்.

“வயோதிகம்னு எழுதாதே, ஹம்மாத்.”

“வேற இன்னானு எழுதறது? ஆஸ்பத்திரி சீட்டுல இங்கிலீஷ்ல இன்னாவோ கீது.”

“அதையே எழுது. ஒவ்வொரு எழுத்தா பாத்து எழுது.”

நாற்பதாம் நாள் பாத்தியா அக்னி நட்சத்திரத்தில் வந்தது. ஓதி முடித்துச் சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு மஹ்விஷ் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

“ஏம்மா நிறுத்துறே?”

“சில்லுனு இருக்கு அத்தா. எனக்கும் நாப்பத்தி மூணு ஆச்சுல்ல, வயசாவுது.”

வலியுல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அந்த வார்த்தையை இந்த வூட்டுல இனிமே சொல்லாதே. நாளைக்குக் காலைல ரத்தம் குடுக்கப் போறோம்.”

“நீங்களா அத்தா சொல்றீங்க?”



காலையில் லேபில் மகளுக்கு முன்னால் தாமே போய் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். “மொதல்ல எனக்கு எடும்மா.” எழுபத்தைந்து வயது நரம்பு, தேடித்தான் குத்தினாள் ரத்தம் எடுக்கும் பெண். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அந்தச் சின்னக் குழாயைக் கையில் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

சூடாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, மகள் உட்கார நாற்காலியை விட்டு எழுந்தார்.