அக்காவுக்கு நான் வைத்த பரீட்சை

ராகலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மூளையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் முழுமையாக நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் அக்காவின் மூளை பழுதாக ஆரம்பித்தது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தாள், நான் படித்தேன். ஓய்வு பெற்று மூன்று வருஷமான பின், ஒருநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போய் நின்றிருக்கிறாள். அங்கிருந்தவர்கள் திருப்பி அனுப்பியபோது, கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறாள்.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அலுமினியச் சட்டியில் சமைத்ததால்தான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. செய்வினை என்றார் கோயில் பூசாரி. தேங்காயெண்ணெய் குடித்தால் மூளை திரும்பி வரும் என்று கொழும்பிலிருந்து அக்காவின் மகள் போனில் வீடியோ அனுப்பினாள். நான் எல்லாரையும் பார்த்து இளக்காரமாகச் சிரித்தேன். என்னிடம் அமைலோயிட் என்ற விஞ்ஞான விளக்கம் இருந்தது.

கிளினிக்குக்கு நானும் மச்சானும் கூட்டிப்போனோம். மச்சான் அக்காவின் புருஷன், ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார். அவருக்குக் கடைச் சிங்களம் வரும், ஆஸ்பத்திரிச் சிங்களம் வராது. அதனால் டாக்டர் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே டவ் புரதம் பற்றி எனக்குத் தெரிந்ததை அவருக்குத் தெரியப்படுத்தினேன். கதவுக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறதி நோய் என்று பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதி, நோயாளியைச் சும்மா கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று முடித்தார். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அது விஞ்ஞானமாகவே எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மச்சானுக்குப் படம் போட்டேன். நரம்புக்கலத்தின் மேலே ஒரு பெரிய புரதம் இருக்கிறது, அதை நொதியங்கள் தப்பான இடத்தில் வெட்டினால் அமைலோயிட் என்ற ஒட்டுகிற துண்டு வரும், அது கலங்களுக்கு வெளியே கட்டி கட்டியாகச் சேரும் என்றேன். கலத்துக்கு உள்ளே சாமான் போய்வர மெல்லிய பாதைகள் உண்டு, அவற்றைப் பிடித்து நிறுத்துவது டவ். அது கழன்று முறுக்கிக்கொண்டால் பாதை சரியும், கலம் பட்டினியில் சாகும். துப்புரவு பண்ணவேண்டிய கலங்களே கோபப்பட்டு நல்லதையும் சேர்த்துத் தின்றுவிடும். புது ஞாபகத்தைப் பதிக்கிற இடம்தான் முதலில் போகும், பழையது கொஞ்ச நாள் தாங்கிப் பிறகு போகும். இதில் எது முதலில் தொடங்குகிறது என்று பெரிய ஆட்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மச்சான் என் மேல் வைத்திருக்கும் மரியாதை குறைந்துவிடக் கூடாதே.

அந்தக் கட்டியை எடுக்க முடியாதா என்று மச்சான் கேட்டார். வெளிநாட்டில் அதைக் குறைக்க மருந்து வந்திருக்கிறது, ஆனாலும் செத்த கலம் திரும்பி வராது என்றேன்.

"அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு மாப்புள சொன்னீங்க?" என்றார்.

படிக்காத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் ஒரு பயிற்சிக் கொப்பியோடு போனேன். குடை, பஸ், மாம்பழம் என்று மூன்று சொல் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்பேன். எண்ணும் முள்ளுமாக மணிக்கூடு வரையச் சொல்வேன். இன்று என்ன கிழமை என்பேன். சிவப்புப் பேனாவால் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டேன். முதலில் அக்கா சிரித்தாள். பிறகு பதிலுக்காக மச்சானின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். புள்ளி குறையக் குறைய நான் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு நிரூபணமாகிக்கொண்டே வந்தது. இப்படி ஒரு மாணவி எந்த ஆசிரியருக்கும் கிடைக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை நான் படியேறும்போது அக்கா எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கை இரண்டையும் கட்டிக்கொண்டாள்.

"நான் படிக்கல சேர்," என்று வாத்தியாரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

மச்சான் வெளியே வந்து என்னைக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒங்களக் கண்டா பயப்படுறா மாப்புள. ஏன்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியல. நீங்க போனப்புறமும் கதவத் தெறக்க விடமாட்டேங்குறா," என்றார்.

இதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. யார், எப்போது, என்ன என்பதைப் பதிக்கிற இடம் வேறு, பயத்தைப் பிடித்துவைக்கிற இடம் வேறு. முதலாவது அழிந்த பிறகும் இரண்டாவது கொஞ்சநாள் வேலை செய்யும். ஆகவே தம்பியை மறந்துவிட்டாள், குடையை, பஸ்ஸை, மாம்பழத்தை மறந்துவிட்டாள், நான் வந்தால் ஏதோ கெட்டது நடக்கும் என்பதை மட்டும் வாரா வாரம் ஒழுங்காகக் கற்றிருக்கிறாள். நான் படிப்பித்து அவள் தேறிய ஒரே பாடம் அது. மச்சானுக்கு இதை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். டீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார், வெளியிலேயே நின்று குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கொப்பியை விட்டேன். சனிக்கிழமைகளில் வெறுங்கையோடு போய், வாசலில் உட்கார்ந்து மச்சானோடு கறிக்குப் போஞ்சிக் காயின் நார் உரித்தேன். அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பாள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமென்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். மூன்றோ நான்கோ மாதம் போனது. ஒருநாள் அவளாகவே வந்து உட்கார்ந்து போஞ்சியை எடுத்தாள். என்னைவிட வேகமாக உரித்தாள். இது யார் என்று மச்சானிடம் கேட்டாள்.

"நம்ம ஆளுதான்," என்றார் அவர். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது அவளுக்கு ஞாபகம் இன்னும் குறைந்துவிட்டது. சில நாள் சாப்பாட்டையே ஊட்டவேண்டியிருக்கிறது. போன சனிக்கிழமை என் சட்டையில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து ஊசி நூல் கேட்டாள். மச்சான் கோத்துக் கொடுத்தார். நான் சட்டையைக் கழற்றாமல் அசையாமல் இருந்தேன். பொத்தானை அதன் இடத்தில் இல்லாமல், பொத்தான் நுழையும் துளை இருக்கும் பக்கத்தில் கொண்டுபோய் இறுக்கித் தைத்தாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். நான் அதைத் திருத்தாமல், சட்டையைப் பூட்ட முடியாமல், நெஞ்சு திறந்தபடியே ராகலை பஸ்ஸில் ஏறினேன்.