ஏழு விநாடி

அச்சகத்தில் அவருக்கு ஈரத்தலை என்றுதான் பெயர். பிழை திருத்தும் மேசைக்குத் தினமும் நனைந்த முடியோடு வருகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? விடிந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார். நாற்பத்தாறு வயதில் அலைச்சறுக்கு! பேய் பிடித்த மாதிரி ஓர் ஆசை.

அந்த ஆசையை நாவலாக எழுதினார். பதிப்பாளரம்மா இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். கதை தேவலை, கடல்தான் உயிரில்லாமல் கிடக்கிறது, இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பத்து வருட உழைப்பு. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியும் கூட வருவாள். தையற்காரி. கரையில் உட்கார்ந்து, மடியில் சட்டையை விரித்துப் பொத்தான் தைப்பாள். அவர் பார்க்கும்போதெல்லாம் குனிந்த தலைதான். அலைமேல் நிற்கும் அழகை ஒருநாளாவது பார்க்கக்கூடாதா என்று அவருக்கு உள்ளூரக் குறை. வேறு வழியில்லாமல் அவளிடமே நாவலை நீட்டினார். படித்து முடித்துவிட்டு, ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்:

"உங்க ஆளு ஒரு தடவகூட விழவே இல்லையே. நீங்க தினமும் காதெல்லாம் மண்ணோடல்ல வர்றீங்க?"

சுருக்கென்றது. நின்றதையெல்லாம் எழுதியவர் விழுந்ததை மறைத்திருந்தார். ஏன் என்றும் அவருக்குத் தெரியும். விழுந்ததும் அலை அமுக்கிப் பிடிக்கும் அந்த ஏழு விநாடி. எது மேல், எது கீழ் என்று புரியாது. பச்சை வெளிச்சம் மட்டும் மெல்ல அசையும். அங்கே அச்சகம் இல்லை, வீடு இல்லை, அவளும் இல்லை. அதற்காகத்தான் அவர் கடலுக்கே போகிறார். அதைப் போய் அவள் படிக்கும்படி எப்படி எழுதுவது?

எழுதினார். மூன்று வாரம் அவர் எழுதும் சின்ன அறையே மிதந்துகொண்டிருந்தது. அலைக்குக் காத்திருப்பதுபோல, வாக்கியம் வரும்வரை சும்மா கிடந்தார், வந்ததும் எழுந்துகொண்டார்.

அனுப்புவதற்கு முன் அவள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாள் புரளும் சத்தம் ஓரிடத்தில் நின்றுபோனது. எந்த வரி என்று அவருக்குத் தெரியும்.

அவள் துணியில் கோடு போடும் பென்சிலை எடுத்து ஒரு சொல்லை அடித்தாள்.

"ஏழு இல்ல, பதினொண்ணு," என்றாள். "நீங்க விழுந்த ஒவ்வொரு தடவையும் நான் எண்ணியிருக்கேன்."

புத்தகத்தில் பதினொன்று என்றுதான் அச்சாகியிருக்கிறது.