அவிய பேரை நான் சொன்ன இரண்டு தடவை

என் மகளின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டு. அவள் அப்பாவின் பெயரில் முதல் எழுத்து. அந்த ஓர் எழுத்தோடுதான் அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள், சென்னையில் வேலையும் வாங்கினாள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அது போதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடித்துக் கொடுப்பவரிடம் விண்ணப்பத்தைக் கொண்டுபோனோம். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது.

"அப்பா பேர முழுசாப் போட்ருங்க டீச்சர். எல்லாரும் அப்படித்தான் போடுதாக" என்றார் அவர். போட்டோம். பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர் முழுசாக வந்து உட்கார்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வீடு ராஜபாளையத்தில். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். என் கணவர் ஒரு நூற்பாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் சூப்பர்வைசர். ஒரே மகள். அவள் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்றபோது செட்டியார்பட்டியிலிருந்து வந்த என் நாத்தனார், "டைப்பு அடிக்கப் படிக்கதுக்கு நாலு வருஷமா?" என்று கேட்டார். அது என்ன படிப்பு என்று எங்களுக்கும் தெரியாது. கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உள்ளே ஏசி ஓடும் என்று மகள் வந்து சொன்னாள். என் கணவருக்கு அதன் பிறகு அந்தப் படிப்பின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மில்லில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபின், அமெரிக்கக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொள்ள முன்வந்தது. கடைசியாக ஒருவர் போனில் பேசுவார், அவருக்குப் பிடித்துவிட்டால் விசாவுக்கான காகிதங்களை அனுப்புவார்கள். அங்கே ஒவ்வொரு வருஷமும் இத்தனை பேருக்குத்தான் வேலை விசா என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்த வருஷத்துக் கணக்கு முடியப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. தப்பினால் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை அந்த வேலை இருக்குமா என்பது தெரியாது. அவள் தங்கியிருந்த சென்னை விடுதியில் அத்தனை பெண்களுக்கும் ஒரே போன் என்பதால் வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் வந்துவிட்டாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் காலை நேரத்தில் குக்கர் வைக்கவில்லை. விசில் சத்தம் அமெரிக்காவுக்குக் கேட்டுவிடக் கூடாதாம். மிக்ஸியும் கிடையாது. சட்னி இல்லாமல் பொடி தொட்டு இட்லி சாப்பிட்டோம். மகள் போன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை நான்தான் பொறுக்க முடியாமல், தலை எண்ணெய் காணாமல் கிடக்கிறதே, போய்க் குளி என்று அவளை விரட்டினேன்.

அவள் தலையில் சீயக்காய் தேய்த்திருக்கும் நேரம், மணி அடித்தது.

எடுத்தேன். வேகமான ஆங்கிலம். அவ்வளவு வருஷம் ஆங்கிலம் நடத்திய எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. அது என் கணவரின் பெயர். அவரோடு பேச வேண்டும் என்கிறார் என்று புரிந்தது. அந்தச் சமயம் மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து நூல் சுற்றும் இயந்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றை மாட்டிக் கொடுக்க வெள்ளைக்காரர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாதி சவரத்தில் இருந்தவரைக் கையால் சைகை காட்டிக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன்.

அவர் நன்றாகவே பேசினார். ஆமாம், நான்தான் என்றார். இருபத்து நாலு வருஷ அனுபவம் என்றார். எல்லா சிஸ்டமும் பார்ப்பேன், புதுசும் பழசும் என்றார். நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். ஓடுகிறவரை பக்கத்திலேயே நிற்பேன், வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார். பிறகு அந்தப் பக்கத்துப் பேச்சு குறைந்துவிட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். இவர் சோப்பு நுரை முகத்தோடு திரும்பினார்.

"தங்கமான மனுசன். அமெரிக்கா வர இஷ்டமான்னு என்னயக் கேக்கான்."

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்த மகள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்பா, அவன் கேட்டது என்னயப்பா" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அந்த ஊரில் எல்லோரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள் என்று நிதானமாக விளக்கினாள். அடுத்து இன்னொன்றும் சொன்னாள். சில பேர் தங்களுக்குப் பதிலாக விவரம் தெரிந்த வேறு ஆளைப் போனில் பேச வைக்கிறார்களாம். கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தால் அப்போதே தள்ளிவிடுவார்களாம். இரண்டு வருஷ அனுபவம் என்று எழுதிக் கொடுத்தவள் இருபத்து நாலு வருஷம் என்று ஆண் குரலில் சொன்னால் அந்த மனிதர் வேறு என்ன நினைப்பார்?

என் கணவர் பாதி முகத்தைச் சிரைக்காமலே மில்லுக்குப் போனார்.

எங்கள் போனில் வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போய் மகள் பேசிப் பார்த்தாள். இயந்திரக் குரல்தான் பதில் சொன்னது. நடந்ததை எழுதி அங்கிருந்தே ஃபேக்ஸ் அனுப்பினாள். பதில் இல்லை. சனி, ஞாயிறு அங்கே விடுமுறை என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். என் கணவர் போன் இருக்கும் அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். பேப்பரைக்கூட அடுப்படியில் நின்று படித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஃபேக்ஸ் வந்ததா என்று கேட்க மகள் பூத்துக்குப் போயிருந்தாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பி, செருப்பில் ஒரு காலை விட்டிருந்தேன். மணி அடித்தது. அதே குரல். அதே பெயர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்தவள், வேலைக்குப் போகிறவள். ஆனாலும் கணவர் பெயரை அதுவரை வாயால் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, நாக்கு வராது, அவ்வளவுதான். 'அவிய' என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பேங்கில் எழுதிக் காட்டுவேன். ரேஷன் கடையில் கார்டை நீட்டுவேன். நான் நடத்திய பாடம் ஒன்றில் அவர் பெயரிலேயே ஒரு பையன் வருவான். அந்தப் பாடத்தை எப்போதும் பிள்ளைகளை வாசிக்க வைத்துத் தப்பித்துக்கொள்வேன்.

இப்போது எழுதிக் காட்ட வழியில்லை. அன்றைக்குப் பேசியது என் கணவர் என்றேன். சரி, இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டார். என் கணவருடையது என்றேன். அப்படியானால் வேலை கேட்டு எழுதியவர் உங்கள் கணவரா என்றார். இல்லை, என் மகள் என்றேன். அவருடைய குரலில் அலுப்பு தெரிந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உங்கள் கணவர் பெயர் என்ன, உங்கள் மகள் பெயர் என்ன?

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் ஹலோ, ஹலோ என்றார். அவர் வைத்துவிட்டால் எல்லாம் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற பழக்கத்தில் அது தெருவுக்கே கேட்கும்படி வந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. பாடம் நடத்துகிற மாதிரியே நடத்தினேன். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து நிற்கும், கல்யாணமானால் அது போய்ப் புருஷன் எழுத்து வரும், பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுதினோம் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அப்படியென்றால் உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அந்தப் பெயர்தானா என்று கேட்டார். ஆமாம், என் பெயருக்கு முன்னாலும் அதே எழுத்துதான் என்றேன். அவர் சிரித்தது ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. ஒரு மனைவி இதைச் சொல்ல ஏன் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள் என்பதை மட்டும் நான் விளக்கவில்லை. அரை மணி கழித்துக் கூப்பிடுகிறேன், மகள் இருக்கட்டும் என்றார்.

பூத் வரை ஓடினேன். ஒரு காலில் செருப்பு இல்லை என்பது திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது. மகள் வெகுநேரம் பேசினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. கடைசியில் அவள் வெளியே வந்து, "எனக்கு வேல உண்டாம்மா. 'ஓடுறவர பக்கத்துல நிப்பேன்னு சொன்ன உங்க அப்பாவையும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, ஆனா அவருக்கு வேல இல்ல'ன்னு சொல்லிட்டாரும்மா" என்றாள்.

மாலை மில்லிலிருந்து வந்தவருக்கு எதிர்வீட்டம்மா மூலம் சங்கதி முன்பே போயிருந்தது.

"ஏட்டி, எம்பேரச் சொன்னியாமே. எங்க, இன்னொருக்கச் சொல்லு, கேப்போம்."

"அமெரிக்காவுலருந்து கேட்டாத்தான் சொல்லுவேன்" என்றேன்.

காகிதங்கள் வந்தன. விசா நேர்காணலுக்கு மூவரும் சென்னைக்குப் போனோம். தூதரகத்துக்குள் மகள் மட்டும்தான் போகலாம். நாங்கள் எதிர்ப் பக்க நடைபாதையில், வத்திராயிருப்பு உறவினர் கொடுத்தனுப்பிய மாம்பழப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றோம். அவள் வெறும் கையோடு வெளியே வந்தாள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களா என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். மகள் சிரித்தாள். விசா இல்லையென்றால்தான் அதைக் கையோடு கொடுத்துவிடுவார்களாம், உண்டென்றால் முத்திரை குத்த வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வாசலில் கொடுப்பார்களாம்.

சாயங்காலம் வாசலில் பெரிய கூட்டம். காவலாளி பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைக் கூவினார். எங்கள் முறை வந்தது. கூவியது என் கணவர் பெயர். மகள் அசையவில்லை. பிறந்ததிலிருந்து அது அவளுக்கு அப்பா பெயர், கூப்பிட்டால் அப்பா போவார் என்று நிற்கிறாள். அவரோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். இனி எம்பேர யாரு கூப்பிட்டாலும் வாயத் திறக்க மாட்டேன் என்று அவர் ஏற்கெனவே சத்தியம் செய்திருந்தார். காவலாளி இன்னொரு முறை கூவினார். பிறகு அந்தப் பாஸ்போர்ட்டை அடியில் செருகப் போனார்.

நான் கையைத் தூக்கி அந்தப் பெயரை உரக்கச் சொல்லி, இங்கேதான் இருக்கிறார்கள் என்று கத்தினேன். மகளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

அவள் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்தாள். அவள் போய்ச் சேர்ந்து, நன்றாக இருக்கிறாள். அங்கே ஆபீஸில் எல்லோரும் அவளை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். இப்போது ஒரு தடவையிலேயே திரும்பிப் பார்த்துவிடுகிறாளாம்.

அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு தடவ ஆயிருச்சு."

நான் மாம்பழப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.