ஒரு புகார், ஒன்பது டீலர்

1. சிவப்புப் பட்டை

இன்வெர்ட்டர் தயாரித்து விற்கும் ஒரு கம்பெனியின் தில்லித் தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். ஒவ்வொரு கோடையிலும் கரண்ட் போகப் போக எங்கள் கம்பெனி வளர்ந்தது. வளர்ந்த கம்பெனிக்கு எல்லாக் கணக்கையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்ட் இல்லாமல் இருக்கக்கூடாது என்று எங்கள் எம்.டி. கன்னாவுக்கு யாரோ விமானத்தில் சொல்லிவிட்டார்கள்.

டேட்டா மூன்று இடத்தில் கிடந்தது. விற்பனைக் கணக்கு ஒரு பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமில். டீலர் பட்டியல் மார்க்கெட்டிங்காரர்களின் எக்செல் ஷீட்டில். வாடிக்கையாளர் புகார்கள் ஒவ்வொரு சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரிலும். மூன்றையும் ஒரே மாடலாக்க மல்ஹோத்ரா என்ற கன்சல்டன்ட் வந்தார். டேட்டா எடுத்துக் கொடுப்பது என் வேலை, சேர்ப்பது அவர் வேலை.

முதல் நாள் திரையில் போட்டுக் காட்டியபோது, சர்வீஸ் சென்டர்களின் பட்டைகள் வரிசையாகப் பச்சையில் குட்டையாக நின்றன. முனிர்கா சென்டரின் பட்டை மட்டும் சிவப்பாக, திரையின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது. மற்ற எல்லா சென்டரையும் கூட்டினாலும் அவ்வளவு புகார் வராது.

"பக்கா?" என்று கேட்டார் கன்னா.

"சார், டேட்டா ஜூட் நஹீ போல்தா" என்றார் மல்ஹோத்ரா. டேட்டா பொய் சொல்லாது.

கன்னாவுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது: மாதக் கடைசியில் முனிர்கா சென்டரை மூடுவது, வேலையை மற்ற சென்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது.

2. சேதுராமன் வந்தார்

முனிர்கா சென்டரின் பொறுப்பாளர் சேதுராமன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஏர்ஃபோர்ஸில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றபின் எங்களிடம் சேர்ந்தவர். மறுநாள் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா, நம்ம சென்டர மூடப் போறாகளாமுல்ல?"

"கிராஃப் அப்படித்தான் சார் காட்டுது."

"கிராஃபுக்கு என்னயத் தெரியுமா? அத்தன வருசம் ஏர்ஃபோர்ஸ்ல குப்ப கொட்டுனேன், ஒரு ரிமார்க் வாங்குனதில்ல. எங்கிட்ட ஆறு மெக்கானிக் இருக்காக. இந்த வயசுல நான் எங்கிட்டுப் போயி வேல தேட? அவுகளுக்கு என்னன்னு பதில் சொல்ல?"

குரல் உயர்ந்ததில் பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. அவர் சட்டென்று தணிந்தார். "ஒரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. தப்பு எங்க மேலன்னா நானே சாவியக் கொண்டாந்து குடுத்துர்றேன்."

தமிழர் என்பதால்தானே பார்த்துக் கொடுத்தாய் என்று பிறகு மார்க்கெட்டிங்கில் கேட்டார்கள். ஆமாம், அதனாலும்தான்.

மொத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. முனிர்காவின் ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொண்டேன். லக்ஷ்மிபாய் நகரில் ஓர் அம்மாள், இன்வெர்ட்டர் சத்தம் போடுகிறது என்று கொடுத்திருந்த புகார் அது. மல்ஹோத்ராவின் மாடலில் அது ஒன்பது வரியாக இருந்தது. அந்த அம்மாளுக்கே போன் போட்டேன்.

"இன்வெர்ட்டர் பத்தி ஒன்பது தடவை கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கீங்களாம்மா?"

"ஒன்பதா? ஒரே தடவதான் சொன்னேன். மறுநாளே ஒரு மெக்கானிக் பையா வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டானே. ஏன், ஒங்க கம்பெனில ஒன்பது தடவ சொன்னாத்தான் கணக்கா?"

போனை வைத்துவிட்டு டீலர் பட்டியலைத் திறந்தேன். முனிர்கா சென்டரின் கீழ் ஒன்பது டீலர்கள். மற்ற சென்டர்களுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்.

விஷயம் இவ்வளவுதான். எந்த இன்வெர்ட்டரை எந்த டீலர் விற்றார் என்று புகாரில் பதிவு கிடையாது. புகாருக்கும் டீலர் பட்டியலுக்கும் பொதுவாக இருந்தது சென்டர் கோட் எண் மட்டும்தான். அதை வைத்தே மல்ஹோத்ரா ஜாயின் போட்டு இரண்டையும் இணைத்திருந்தார். அதனால் முனிர்காவின் ஒவ்வொரு புகாரும் ஒன்பது டீலர்களோடும் ஒட்டிக்கொண்டு ஒன்பதாகிவிட்டது.

3. நாலு டிரைவர், ஒரு கார்

மல்ஹோத்ராவிடம் சொன்னேன். கோட் பொருந்துகிறது, எர்ரர் எதுவும் வரவில்லை, அப்புறம் என்ன என்றார். உண்மைதான். கம்ப்யூட்டருக்கு எந்தக் குறையும் இல்லை.

கன்னாவிடம் ஹிந்தியில் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். "சார், உங்க வீட்டுல ஒரு கார், நாலு டிரைவர். காரையும் டிரைவரையும் வீட்டு விலாசத்தை வச்சு இந்த மாடல்ல சேர்த்தா, உங்களுக்கு நாலு கார் இருக்குன்னு ரிப்போர்ட் வரும்."

"இன்கம்டாக்ஸ்காரன் கிட்ட காட்டிடாதே" என்று சிரித்தார். புரிந்துவிட்டது. திருத்தச் சொன்னார்.

புகார்களை முதலில் தனியாகக் கூட்டி, சென்டருக்கு ஒரு வரியாக்கினேன். விற்பனையையும் அப்படியே. அதன் பிறகுதான் இரண்டையும் சேர்த்தேன். விற்ற இன்வெர்ட்டர்களோடு ஒப்பிட்டால் முனிர்காவில்தான் புகார் குறைவு. சிவப்பு இப்போது ஃபரீதாபாத்துக்குப் போயிருந்தது. ஃபரீதாபாத் சென்டரை நடத்தியவர் கன்னாவின் மைத்துனர்.

கன்னா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இந்த டேட்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதே மூன்று இடம்தான் என்றேன். மூன்று இடத்திலிருந்து வருவதை அப்படியே நம்பிவிட முடியுமா என்றார். போன வாரம் பொய் சொல்லத் தெரியாத டேட்டா இந்த வாரம் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அதைச் சரிபார்க்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி அறிக்கை தரும்வரை எந்த சென்டரையும் மூடுவதில்லை என்று முடிவானது. அந்த அறிக்கை நான் அங்கே இருந்தவரை வரவில்லை.

சேதுராமன் போன் செய்தார். "ரொம்ப சந்தோசம்மா. உண்ம செயிச்சிருச்சு பாத்தீகளா!"

அவரைக் காப்பாற்றியது உண்மை அல்ல, கன்னாவின் மைத்துனர். சந்தோஷமாக இருந்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆமா சார்" என்றேன்.

4. எல்லாம் பச்சை

பிறகு மாதத்துக்கு மாதம் ஃபரீதாபாத்தின் பட்டை குறைந்துகொண்டே வந்தது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. டீலர்கள் கூட்டத்தில் கன்னா மேடையேறி, "இதுதான் டாஷ்போர்டின் மகிமை" என்றார். மைத்துனருக்கு ஒரு கேடயம் கொடுத்தார். நானும் கை தட்டினேன்.

என்னதான் செய்தார்கள் என்று அறிய ஆசையாக இருந்தது. ஃபரீதாபாத்தில் புகார்களைப் பதிவு செய்யும் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: "புகார் எப்பவும் போலத்தான் வருது மேடம். சிஸ்டத்துல ஏத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு டேட்டா டேபிளைச் சேர்க்கும் முன், இதில் ஒரு வரி என்றால் எது ஒன்று, அதில் ஒரு வரி என்றால் எது ஒன்று, ஒரு புகாரா, ஒரு டீலரா என்று கேளுங்கள். சேர்த்த பிறகு, மொத்தம் பழைய மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று ஒன்பதானால் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்று ஒன்றுமே இல்லாமல் போனால் எந்த ஜாயினும் காட்டிக் கொடுக்காது. எல்லாப் பட்டையும் பச்சையாக இருக்கிற அன்றைக்குத்தான் யாருக்காவது போன் செய்து கேட்க வேண்டும்.