கணக்கு வகுப்புக்கு ஒரு கையெழுத்து

வீட்டில் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தது சித்தப்பா. இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருடம், ஒன்பது வயதில், வாடகை அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் எம்பி நின்று, குளியலறைக் கூரை ஒழுகுவதைப் பற்றி அப்பாவுக்காக வாதாடி ஜெயித்தவள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, வங்கி, மின்சாரக்காரர்கள், தம்பியின் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் அவள்தான் வாய். அப்பா லாரியில் போனால் பத்து நாள் ஆகும் திரும்ப. அம்மாவுக்கு இந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும் வரும்.

"பல் டாக்டர் வாயைத் தொறன்னு சைகை காட்டினாக்கூட, அண்ணி முதல்ல இவ மூஞ்சியத்தான் பாக்குறாங்க" என்று சித்தப்பா சிரிப்பார்.

இப்போது அவளுக்குப் பதினைந்து. வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு நெட்டையன். மேசைக்கு வெளியே நீட்டிய அவன் கால் தடுக்கித்தான் பழக்கமே ஆரம்பித்தது. அவனிடம் அவள் யாருக்காகவும் பேச வேண்டியதில்லை, தனக்காகப் பேசலாம். அது அவளுக்குப் புதிது.

ஒரு புதன்கிழமை மதியம், பள்ளி வாசல் பஸ் நிறுத்தத்தில், கேட்டது அவள்தான். "இந்த பஸ் கடைசி வரைக்கும் போனா அங்க என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும், பஸ்ஸைக் கழுவுவாங்க."

"வா, பாக்கலாம்."

"கிளாஸ் இருக்கு."

"பயந்தாங்கொள்ளி."

போனார்கள். நிஜமாகவே பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு அரைமணி நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இறங்கிய நிறுத்தத்தில் விளையாட்டு ஆசிரியர் நின்றிருந்தார்.

மறுநாள் அம்மாவை வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. நீல மேலங்கியைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

துணைத் தலைமை ஆசிரியை நல்லவர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. உங்கள் மகள் ஒரு பையனோடு வகுப்பை விட்டு வெளியே போயிருக்கிறாள் என்று மெதுவாகத் தொடங்கினார்.

"என்னடி சொல்றாங்க?"

"கணக்குல கொஞ்சம் பின்தங்கிட்டேனாம்."

யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. பிறகு வந்ததையெல்லாம் அதற்குள்ளேயே திணிக்க வேண்டியிருந்தது. ஆசிரியை ஒரு தாளை எடுத்து வைத்தார். அந்தப் பையனை ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்தாகிவிட்டது. அவன்தான் இவளை வற்புறுத்தியிருப்பான். அம்மா இந்தப் புகாரில் கையெழுத்திட்டால் அவனை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றார்.

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அவன் கூப்பிடவில்லை, நான்தான் கூப்பிட்டேன்" என்று ஆசிரியையின் மொழியிலேயே சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. ஆசிரியை காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். பயந்துபோன பெண்கள் இப்படித்தான் பழியைத் தங்கள் மேல் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், பரவாயில்லை என்றார்.

"இப்ப நீ என்ன சொன்னே?"

"கணக்கு வரமாட்டேங்குதுன்னு சொன்னேம்மா."

"அதுக்கு ஏன்டி அழறே, லூசு?" அம்மா அவள் முதுகைத் தட்டினாள். "இது என்ன தாளு?"

"சாயங்காலம் தனியா கணக்கு கிளாஸ் வைக்கிறாங்களாம். வேணாம்மா. நானே படிச்சுக்கிறேன். கையெழுத்துப் போடாதே."

"வாயை மூடு. சும்மா சொல்லித்தரேங்கிறாங்க, உனக்குக் கசக்குதா?"

அம்மா பேனாவை வாங்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, புதிதாகப் பழகிய எழுத்துகளில் தன் பெயரை ஒவ்வொன்றாக வரைந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "எங்க பிள்ளைய இவ்வளவு அக்கறையாப் பாத்துக்கிறீங்க, ரொம்ப சந்தோஷம்னு சொல்லு."

சொன்னாள்.

திங்கட்கிழமை கடைசி வரிசையில் யார் காலும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. செவ்வாயன்று அவனிடமிருந்து செய்தி வந்தது. உங்க அம்மா என்னைப் பத்தி அப்படி என்னதான் சொன்னாங்க? பலமுறை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் "அவங்க கொஞ்சம் பிடிவாதம்" என்று அனுப்பினாள். அவன் பதில் போடவில்லை. அம்மாவையும் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை மதியம் சலவைக்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றாள். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்த அம்மாவிடம், அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவில் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா அடிக்கவில்லை.

"அந்தப் பையன் என்ன தப்பு பண்ணான்?"

"ஒண்ணுமே பண்ணலம்மா."

"நான் என்னத்துல கையெழுத்துப் போட்டேன்?"

"அவன் மேல புகார்."

அம்மா தன் வலது கையை ஒருதரம் பார்த்தாள். "நட" என்றாள்.

அதே அறை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதில் சிக்கல் இல்லை என்றார் ஆசிரியை. ஆனால் பையனின் தகப்பனார் அவமானம் தாங்காமல், மாற்றல் பள்ளியும் வேண்டாமென்று, அவனைத் தொலைவில் வேறொரு ஊரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நேற்றே போய்விட்டான். இனி வரமாட்டான்.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"நீ இப்ப சொல்றது உண்மைதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க பேச்சு தெரிஞ்ச வேற யாராவது இருக்காங்களான்னு கேளு."

அதையும் அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.