நைனாவின் ஃப்ரைடு ரைஸும் என் நரம்பு செல்லும்

எலி மூளையில் ஒரே ஒரு நரம்பு செல்லைப் பிடித்து, அதைத் தூண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது என் தொழில். கல்யாண வீட்டில் “என்ன வேலை பார்க்கிறே?” என்று யாராவது கேட்டதும் கை கழுவ எழுந்து போகிறவர்கள் எல்லாரும் என் இனம்.

முதல் சத்தம்

பாண்டிச்சேரி ஆய்வகத்தில் எலி மூளையின் மெல்லிய துண்டை உயிரோடு வைத்திருப்போம். முடியைவிட மெலிந்த கண்ணாடிக் குழாயால் ஒரு செல்லைத் தொட்டு, குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தைத் துளி விட்டால் செல் துடிக்கும். அந்த மின்துடிப்பு ஸ்பீக்கரில் ‘டப், டப்’ என்று கேட்கும். மாதக்கணக்கில் ஒன்றும் கேட்காமல் அழுதிருக்கிறேன். கேட்ட அன்று நைனாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் அருகே பிடித்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் ஃப்ரைடு ரைஸ் போடுகிறவர் என் அப்பா. கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இன்னாம்மா இது, நம்ம கடைய விட வேகமா ஆர்டர் வருது?”

பேராசை

இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். படபடவென்று அடித்த செல் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. அளவோடு கொடுத்தால் பேசும். மிஞ்சினால் திணறி அடங்கும். அதற்கும் மேலே போனால் செத்தே போகும். பக்கத்து மேஜைத் தோழி காபியை உறிஞ்சியபடி சொன்னாள்.

“கல்யாணம் எப்போன்னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்றோம். ஊரே கேட்டா நாமளும் இப்டித்தான்.”

பள்ளிக்கூடப் பேச்சு

நான் படித்த செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். தலைகால் புரியாத பெருமையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரைடு ரைஸில் போடும் சுவை உப்பிலும் இதே குளுட்டமேட் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னதுதான் வினை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னது வேறு: அந்த வண்டிச் சோறு தின்றால் மூளை செத்துவிடுமாம்.

அந்த வாரமே நைனா ஈ ஓட்டினார். என்னைப் படிக்க வைத்ததே அந்த வண்டிதான். பொண்ணு தெரியாமல் உளறிவிட்டது என்று சொல்லிவிடச் சொன்னார் பக்கத்துப் பழக்கடைக்காரர். நைனா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்ன பதில், பின்னால் நின்ற என் காதிலும் விழுந்தது.

“வண்டிய வேணா வித்துடறேன். எம்பொண்ணு தெரியாம பேசுச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

விளக்கம்

மறுநாள் சாயங்காலம் வண்டி முன்னால் நின்று நானே விளக்கினேன். தின்பதெல்லாம் அப்படியே மூளைக்குள் ஏறிவிடாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே நம்ம கோட்டை மதில் மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறது என்றேன். தளவானூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

பேசிப் பேசிப் பசித்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ப்ளேட்டை முடித்து, இன்னொன்று கேட்டேன். கூட்டத்திலிருந்து ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“மூளை படிச்ச பொண்ணே ரெண்டாவது ப்ளேட் வாங்குது. எனக்கு ஒண்ணு கட்டுப்பா, முட்டை சேத்து.”

இத்தனை வருஷம் படித்து நான் நிரூபித்தவற்றில், எங்கள் ஊர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது என் பசியை மட்டும்தான்.